60 கிலோவா, 57 கிலோவா? தங்கையின் எடைப் பிரிவு பற்றி ஒரு கேள்வி

புளியந்தோப்பு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாக்சிங் ஆடியதில்லை, என் தங்கை ஆடுகிறாள். வயது 17, பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுப் பக்கத்தில் மொட்டை மாடியில் நடக்கும் ஒரு கிளப்பில் பயிற்சி. இதுவரை 60 கிலோவில்தான் ஆடி வந்திருக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் மெஷினில் ஏறினால் 62 காட்டும். போட்டி நெருங்கும்போது ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூடுதலாக ஓடி 60-க்கு வந்துவிடுவாள். அதுவரைக்கும் வீட்டில் யாருக்கும் கவலை இருந்ததில்லை.

இப்போது அவளுடைய மாஸ்டர் 57-க்கு இறங்கச் சொல்கிறார். மாநில அளவில் 60-ல் கூட்டம் அதிகமாம், வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி தொடர்ந்து ஜெயிக்கிறாளாம், 57-ல் ஆள் குறைவாம். அதோடு இந்திய வீராங்கனை ஜாஸ்மின் லம்போரியாவையும் காட்டுகிறார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 60 கிலோவில் வெண்கலம் வாங்கியவர், 57-க்கு இறங்கி 2025-ல் லிவர்பூலில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். "மூணு கிலோதானே" என்கிறார் மாஸ்டர். அவர் நல்ல மனிதர். எங்களிடம் ஃபீஸ் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். அவர் தங்கைக்குக் கெடுதல் நினைப்பார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டில் நடப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. மத்தியான வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். அம்மா போடும் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளிவிடுகிறாள். மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள். எடை 58.5 வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. மாஸ்டர் கையில் பிடிக்கிற பேடில் குத்திப் பழகும்போது மூன்றாவது ரவுண்டில் இடது கை முகத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. ஆடத் தெரியாத எனக்கே அது தெரிகிறது.

அவள் மனசு 60-ல்தான் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் கெல்லி ஹாரிங்டன் 60 கிலோவில் ஜெயித்த ஃபைனலை போனில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஆசிய விளையாட்டு, ஒலிம்பிக் என்று ஒருநாள் போனால் அந்தப் பிரிவில்தான் போவேன் என்கிறாள். மாஸ்டரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பெரிய போட்டிகளில் எடை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு நாள் மட்டும் தாக்குப்பிடித்தால் போதுமா? 60 கிலோ நம் ஊர்ப் பெண்களுக்கு எட்டாத பிரிவா?

பெரம்பூர் பாலா:

அக்கா, மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாரிஸில் பெண்கள் 60 கிலோவில் இந்தியாவிலிருந்து யாருமே தகுதி பெறவில்லை. நிகத் 50, பிரீத்தி 54, ஜாஸ்மின் 57, லவ்லினா 75, அவ்வளவுதான். டோக்கியோவில் 60-ல் போன சிம்ரன்ஜித் கௌர் முதல் சண்டையிலேயே தாய்லாந்தின் சுதாபோர்ன் சீசோண்டியிடம் 0-5 என்று, ஐந்து ஜட்ஜும் எதிராகப் போட்டு, தோற்றார். அயர்லாந்து, பிரேசில், சீனா என்று பலசாலிகள் நிற்கிற பிரிவு அது. ஹாரிங்டனே 64 கிலோவிலிருந்து இறங்கி வந்தவர்தான். 2016 உலக சாம்பியன்ஷிப்பில் 64-ல் வெள்ளி வாங்கினார், பிறகு 60-க்கு வந்து 2018-ல் உலகத் தங்கம், அப்புறம் இரண்டு ஒலிம்பிக் தங்கம். மேலிருந்து இறங்கி வருகிறவருக்கு உடம்பில் பலம் மிச்சம் இருக்கும். தங்கையும் இறங்கட்டும், கொஞ்ச நாள் கஷ்டம்தான்.

ராயபுரம் ரெஃப்ரி:

அம்மா, இதை நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் தாமதம். நான் இளவயதில் 60 கிலோவில் ஆடியவன், மாநிலப் போட்டி வரை போனேன். இப்போது மாவட்டப் போட்டிகளில் ரெஃப்ரியாகவும் ஜட்ஜாகவும் இருக்கிறேன். என் அப்பா 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி கையில் கிளவுஸ் மாட்டியதை நேரில் பார்த்தவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லிச் சண்டை பேசுகிற பெரியவர்கள் நடுவில் வளர்ந்தேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் எடை. ப்ரொஃபஷனல் பாக்சிங்கில் சண்டைக்கு முந்தின நாளே எடை போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு ரிங் ஏறலாம். அவர்கள் ஒரே வாரத்தில் கிலோ கிலோவாக இறக்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் அதையே செய்யப் பார்க்கிறார்கள். ஒலிம்பிக்கில் அது நடக்காது, ஆசிய விளையாட்டிலும் நடக்காது. போட்டி தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரு எடை. அதன் பிறகு, சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் மறுபடி எடை. மெஷினை விட்டு இறங்கிய மூன்று மணி நேரத்தில் ரிங்கில் மணி அடிக்கலாம். வற்றிப்போன உடம்பு அந்த மூன்று மணி நேரத்தில் தேறாது.

உங்கள் தங்கைக்குப் பிடித்த ஹாரிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ஜூலை 29-ல் இத்தாலியின் மெசியானோ, 31-ல் கொலம்பியாவின் வால்டெஸ், ஆகஸ்ட் 3-ல் பிரேசிலின் பீட்ரிஸ் ஃபெரெய்ரா, ஆகஸ்ட் 6 ராத்திரி ஃபைனலில் சீனாவின் யாங் வென்லு. நான்கு சண்டை, நான்கு காலையிலும் மெஷின் 60-ஐத் தாண்டக் கூடாது. அப்போது அவருக்கு வயது 34. வயிற்றைக் காயப்போட்டு 60-ஐத் தொடுகிறவரால் இது முடியாது. தினமும் சாப்பிட்டு, தினமும் பயிற்சி செய்து, அந்த எடையிலேயே வாழ்கிறவரால்தான் முடியும். தங்கை அந்த ஃபைனலைப் பார்க்கும்போது மூன்றாவது ரவுண்டில் ஹாரிங்டனின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்பது நாளில் நாலாவது சண்டை அது.

அந்த ஃபைனல் முடிந்த மறுநாள் காலையில்தான் வினேஷ் போகாட் செய்தி வந்தது. அது மல்யுத்தம், 50 கிலோ. அவர்களுக்கு இரண்டு நாள் போட்டி, இரண்டு காலையும் எடை. முதல் நாள் எடை சரியாக இருந்தது, மூன்று பேரை ஜெயித்து ஃபைனலுக்கும் வந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஓடி, வியர்வை எடுத்து, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டியும் மறுநாள் காலை 100 கிராம் கூடுதல். போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். உலகத்தரமான வீராங்கனை அவர், கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள், அப்படியும் முடியவில்லை. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு பிளஸ் டூ பெண் ரெயின்கோட்டை நம்பி இதைச் செய்ய வேண்டுமா?

பாலா தம்பி, நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் ஜாஸ்மின் 57-க்கு வந்தது எப்போது என்று பாருங்கள். 57-ல் பர்வீன் ஹூடா பெற்றிருந்த ஒலிம்பிக் இடம் அவருடைய இடைநீக்கத்தால் பறிபோனது. மறுபடியும் ஒருவர் போய்த் தகுதி பெற வேண்டியிருந்தது, 2024-ல் பாங்காக்கில் ஜாஸ்மின் அதைப் பெற்றார். அப்போது அவருக்கு 22 வயது. எலும்பு, தசை எல்லாம் வளர்ந்து முடிந்த உடம்பு, தேசிய முகாமின் சாப்பாடு, கூடவே மருத்துவர்கள். அப்படி இருந்தும் பாரிஸில் முதல் சண்டையிலேயே பிலிப்பைன்ஸின் நெஸ்தி பெட்டேசியோவிடம் தோற்றார். அந்த எடையில் ஊன்றி நிற்க இன்னும் ஒரு வருடம் ஆனது. லிவர்பூல் தங்கம் அதற்கப்புறம்தான். ஹாரிங்டன் இறங்கியதும் இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு. இரண்டு பேருமே வளர்கிற வயதில் வயிற்றைக் கட்டியவர்கள் இல்லை.

மேலே ஏறி ஜெயித்தவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உக்ரைனின் லோமசென்கோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 57 கிலோவில் தங்கம். லண்டனில் ஆண்களுக்கு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள், 60-க்கு ஏறினார், அங்கேயும் தங்கம். நம் மேரி கோம் 48 கிலோக்காரர். 2012 லண்டனில்தான் பெண்கள் பாக்சிங் முதல்முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. 51, 60, 75 என்று மூன்றே பிரிவு. 51-க்கு ஏறி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரிகளோடு ஆடி வெண்கலம் வாங்கினார்.

எல்லாவற்றையும்விட உங்கள் தங்கைக்குப் பொருந்துகிற கதை விகாஸ் கிருஷ்ணன் கதை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 60 கிலோவில் தங்கம். அப்போது அவருக்கு 18 வயது. இரண்டே வருடத்தில் லண்டனில் 69 கிலோவில் ஆடினார், ரியோவில் 75. வளர்கிற உடம்பை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மூன்று ஒலிம்பிக் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

60 நமக்கு எட்டாத பிரிவா என்று கேட்டீர்கள். விகாஸைச் சொல்லிவிட்டேன். 2010 டெல்லி காமன்வெல்த்தில் ஜெய் பகவான் வெண்கலம். 2014 கிளாஸ்கோவில் சரிதா தேவி வெள்ளி. 2018 கோல்டுகோஸ்டில் மனீஷ் கௌஷிக் வெள்ளி. 2022-ல் ஜாஸ்மின் வெண்கலம். எல்லாமே 60 கிலோ. சிம்ரன்ஜித்தை ஜெயித்த சீசோண்டியும் லேசுப்பட்டவர் இல்லை. டோக்கியோ அரையிறுதியில் ஹாரிங்டனை 3-2 வரை இழுத்தவர். பெண்கள் பாக்சிங் வந்த நாளிலிருந்து எல்லா ஒலிம்பிக்கிலும் 60 இருக்கிறது. 57 டோக்கியோவில்தான் வந்தது.

இந்த எடைக்கென்று ஒரு அழகும் உண்டு. கை வேகம் குறைந்திருக்காது, அடியில் கனமும் இருக்கும். அதனால் ஆள் நிறைய, சுலபமான சுற்று என்று ஒன்று கிடையாது. மாநில அளவிலேயே கூட்டம் என்று மாஸ்டர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆடித்தான் ஆட்டம் வரும். ஆள் இல்லாத பிரிவில் இரண்டு சண்டையில் மெடல் வாங்கிக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போனால், அங்கே ஹரியானாப் பெண்கள் காத்திருப்பார்கள்.

என் முடிவு இதுதான். 17 வயதில் 62 கிலோ இருக்கிற பெண் 60-ல் ஆடட்டும். நாளைக்கு உடம்பு 64-க்குப் போனால் 65-ல் ஆடட்டும். 57-ஐ இப்போது தொட வேண்டாம்.

புளியந்தோப்பு அக்கா:

அண்ணா, ரொம்ப நன்றி. தினமும் எடை என்பது எங்களுக்குத் தெரியாது. தங்கையிடம் உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன். ஹாரிங்டன் நான்கு சண்டைக்கும் நான்கு தடவை எடை காட்டினாரா என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

இன்னொன்று கேட்க வேண்டும், இங்கே பெண்கள் யாராவது இருந்தால் நல்லது. இரண்டு மாதமாக அவளுக்குத் தலைக்குக் குளிக்கிற நாள் வரவில்லை. பரீட்சை டென்ஷன் என்று அம்மா நினைக்கிறார். அடிக்கடி தலைவலி என்கிறாள். கிளப்பில் கூட ஆடுகிற ஒரு பெண், எடை இறங்கத் தண்ணி மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறாள். தங்கை இன்னும் வாங்கவில்லை. வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள்.

அண்ணா நகர் பிசியோ:

அந்த மாத்திரையை வாங்கவே கூடாது. முதலில் இதைத் தங்கையிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட், விளையாட்டுப் பெண்களோடு வேலை செய்கிறவள். தண்ணி மாத்திரை என்று சொல்வது சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும் மருந்து. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவது. நீரோடு பொட்டாசியமும் போய்விடும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இன்னொரு பக்கம், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இந்த வகை மருந்து முழுக்க இருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளில் சோதித்தாலும் குற்றம்தான். எடை இறக்கத்தான் போட்டேன், தெரியாமல் போட்டேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். ஒரு மாத்திரையில் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துபோகலாம்.

மாதவிடாய் நின்றதைப் பரீட்சை மேல் போடாதீர்கள். சாப்பிடுவது குறைந்து, செலவாகும் சக்தி கூடினால், உடம்பு தனக்கு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் நிற்பது பெரும்பாலும் இதுதான். 2014-லிருந்து சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலவீனமாகும். எலும்பில் சத்து சேருகிற வயதே இந்தப் பதின்பருவம்தான். இப்போது சேராதது பின்னாடி முழுசாகச் சேராது. ஓடுகிற பெண்களுக்குக் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கேட்டுப் பார்த்தால் பாதிப்பேருக்கு மேல் மாதவிடாய் ஒழுங்காக இல்லை என்பார்கள். ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெயின்கோட்டை இன்றைக்கே கழற்றி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், சாதாரண பனியன் போட்டு ஓடினாலே வியர்வை காய மறுக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பிளாஸ்டிக்குக்குள் அதற்கு வழியே இல்லை, உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை இறக்கும்போது அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடை போட்டு எடை இறக்குவதைத் தடை செய்தார்கள். தலையில் அடி வாங்கும் விளையாட்டில் உடம்பு வற்றிப்போய் ரிங் ஏறுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 62-லிருந்து 60-க்கு வருவது மூன்று, நான்கு வாரத்தில் மெதுவாகச் செய்யக்கூடியதுதான். பயிற்சிக்கு முன்னால் இரண்டு இட்லியோ கேழ்வரகுக் கூழோ கட்டாயம். முடிந்ததும் முட்டை, சுண்டல், பாசிப்பயறு. மீன் குழம்பை விட்டு ஏன் மாடிக்கு ஓட வேண்டும்? மீன் சாப்பிடட்டும், பொரித்ததை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். பிஸ்கட், மிக்சர், கலர், இனிப்பு டீ இவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடியும். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது.

பெரம்பூர் பாலா:

பிசியோ அக்கா சொன்னதைப் படித்த பிறகு 57 பற்றி நான் மறுபேச்சு பேசவில்லை. டாக்டரிடம் போவதுதான் முதல் வேலை.

ரெஃப்ரி அண்ணாவிடம் வேறொரு கேள்வி. 60 கிலோ என்றதும் எனக்கு இன்சியான் ஞாபகம்தான் வருகிறது. 2014 ஆசிய விளையாட்டு அரையிறுதி, சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜி-னாவை ரிங் முழுக்க விரட்டி அடித்தார், முடிவு பார்க்குக்குப் போனது. இந்தப் பிரிவில் நாக் அவுட் குறைவு, எல்லாமே ஜட்ஜ் கையில். எடையெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு போயும் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால் என்ன செய்வது?

ராயபுரம் ரெஃப்ரி:

அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது தம்பி. கொரியாவில் நடக்கிற போட்டி, கொரியப் பெண், முடிவு அந்தப் பக்கம். பதக்க மேடையில் சரிதா வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மாட்டேன் என்று கையில் வாங்கி, அழுதுகொண்டே பார்க்கின் கழுத்தில் போட்டார். அதற்கு ஒரு வருடத் தடை கிடைத்தது. ஃபைனலில் பார்க்கை ஜெயித்த சீனாவின் யின் ஜுன்ஹுவா இரண்டு வருடம் கழித்து ரியோவில் இதே 60-ல் வெள்ளி வாங்கினார். இன்சியான் ஃபைனலில் சரிதா நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கப்புறம் மாறியது நிறைய. லண்டன் வரை ஜட்ஜுகள் பொத்தான் அழுத்தி அடிகளை எண்ணினார்கள். லண்டனில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 60-ல் தங்கம் வாங்கிய ஃபைனல் 10-8 என்று முடிந்தது, அந்தக் கணக்கில்தான். பிறகு ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு என்ற முறை வந்தது. ரியோவில் ஐந்து ஜட்ஜுகள் போட்டாலும் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த மூன்று பேர் கணக்கு மட்டும்தான் சேரும். அங்கே நடந்த கூத்தில் 36 ரெஃப்ரி, ஜட்ஜுகளை ஒதுக்கி வைத்தார்கள். 2019-ல் பழைய பாக்சிங் சம்மேளனத்தையே ஒலிம்பிக் கமிட்டி தள்ளி வைத்துவிட்டு டோக்கியோ, பாரிஸ் இரண்டையும் தானே நடத்தியது. இப்போது ஐந்து பேர் கணக்கும் சேரும். தவறே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி தவறுவது கஷ்டம்.

நான் ஜட்ஜ் நாற்காலியில் உட்காரும்போது என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன், தங்கைக்கு உதவும். முதலில், மூடிய கையின் விரல் முட்டிப் பகுதியால் சுத்தமாக, முகத்திலோ உடம்பின் முன்பக்கத்திலோ விழுகிற அடி. கார்டு மேலே, அதாவது முகத்தை மறைத்துப் பிடித்த கைகள் மேலே, விழுகிற பத்து அடி என் கணக்கில் வராது, கூட்டம் எவ்வளவு கத்தினாலும் வராது. அடுத்து, ரிங்கில் யார் விருப்பப்படி சண்டை நடக்கிறது என்று பார்ப்பேன். முன்னால் வந்துகொண்டே இருப்பவர்தான் ஆளுகிறார் என்று அர்த்தமில்லை. பின்னால் போய்க்கொண்டே ஜாப் (முன் கையால் குத்தும் நேர் அடி) போட்டு எதிராளியைத் தன் இஷ்டத்துக்குத் திருப்புகிறவரும் ஆளுகிறார். அப்புறம் கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாரா என்பது.

இப்போது பெண்களுக்கும் மூன்று நிமிடம், மூன்று ரவுண்டுதான். முதல் இரண்டு ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தால் மூன்றாவதுதான் தீர்ப்பு. அக்கா எழுதியதில் என்னை உறுத்தியது அந்த வரிதான், மூன்றாவது ரவுண்டில் இடது கை கீழே இறங்குகிறது என்றாரே. 60 கிலோவில் அந்தக் கை இறங்கினால் எதிராளியின் வலது கை அந்த இடைவெளியில் நேராக வரும். அதை எந்த ஜட்ஜும் தவற விட மாட்டார். சாப்பிடாமல் வந்த களைப்பு அது. டெக்னிக் கோளாறு என்று நினைத்து இன்னும் நூறு பேட் அடிக்க வைத்தால் சரியாகாது.

மாஸ்டரிடம் பேசுகிற வழியும் ஒன்று சொல்கிறேன். 57 வேண்டாம் என்று ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை முதலில் காட்டுங்கள். அடுத்து வயசுக் கணக்கைச் சொல்லுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் அமீர் கான் 17 வயதில் 60 கிலோ வெள்ளி வாங்கினார், அந்தக் காலத்தில் விதி அனுமதித்தது. இப்போது சீனியர் பிரிவுக்கு 19 ஆக வேண்டும், 17-18 யூத். அதனால் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு என்ற கதவு தங்கைக்கு இன்னும் திறக்கவே இல்லை. திறக்கும்போது உடம்பு எந்த எடையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு வருடம் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான். ஃபீஸ் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற மனிதருக்கு இது புரியும்.

புளியந்தோப்பு அக்கா:

டாக்டரைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.8 இருக்கிறது, இரும்புச் சத்து ரொம்பக் குறைவு என்று மாத்திரை எழுதியிருக்கிறார். எடை இறக்கும் பேச்சே இப்போதைக்குக் கூடாது என்றும், ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகுவது) கொஞ்ச நாள் வேண்டாம், ஷேடோவும் (ஆள் இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) ஸ்கிப்பிங்கும் லேசாகச் செய்யலாம் என்றும் சொன்னார்.

சீட்டை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் மாஸ்டர் வீட்டுக்கே போனோம். முழுசாகப் படித்தார். மாதவிடாய் விஷயத்தை அவள் தன்னிடம் சொல்லவே இல்லையே என்று வருத்தப்பட்டார். ஆண் மாஸ்டரிடம் ஒரு பெண் எப்படிச் சொல்வாள் என்று அம்மா கேட்டார். அவர் யோசித்துவிட்டு, இனிமேல் கிளப்பில் சேருகிற பெண்களின் அம்மாவிடமோ அக்காவிடமோ மாதம் ஒருமுறை பேசிவிடுகிறேன் என்றார். இந்தத் தடவை செலக்‌ஷனுக்கு அவளை அனுப்பவில்லை. அடுத்ததற்கு 60-லேயே பேர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். செலக்‌ஷன் போகிறதே என்று தங்கை ஒரு நாள் முழுக்க அழுதாள். நேற்று ராத்திரி மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள்.

அண்ணா, ஒரு விஷயம். மாநிலத்தில் ஜெயிக்கிற அந்த 60 கிலோ பெண் இடதுகைக்காரி. கிளப்பில் இடதுகைக்காரப் பெண் யாரும் இல்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு என்ன செய்யலாம்?

ராயபுரம் ரெஃப்ரி:

9.8 சாதாரணமில்லை, மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். சவுத்பாவோடு, அதாவது இடதுகைக்காரியோடு, ஆடும்போது தங்கையின் முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளியே இருக்க வேண்டும், வலது நேர் அடிதான் முதல் ஆயுதம். இதை இப்போதே ஷேடோவில் பழகலாம், யாரும் அடிக்கப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் இடதுகைக்காரப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி 60, இன்னொருத்தி 63. டாக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்ததும் இங்கே சொல்லுங்கள். மாஸ்டரையும் கூட அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஹெட்கார்டு எங்களிடம் இருக்கிறது, மவுத்கார்டு மட்டும் அவளுடையதாக இருக்கட்டும்.